மூச்சை அடக்கிய முதல் பயனாளி

பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் வாழும் பெருமக்களுக்கு ஒரு மகத்தான செய்தி: இனி நீங்கள் மூச்சு விடலாம்.

வேலப்பன்சாவடி சிக்னலுக்குப் பக்கத்தில் இருபதடி உயரத்துக்கு நின்ற பேனரில் அப்படித்தான் போட்டிருந்தது. அதுவரைக்கும் அவர்கள் யாரைக் கேட்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது பேனரில் இல்லை. லாரிப் புகைக்கு நடுவே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவர்கள் அண்ணாந்து படித்தார்கள். பச்சை விழுந்ததும், அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் எல்லோரும் சேர்ந்து ஹாரன் அடித்தார்கள்.

பேனரின் வலது மூலையில் டாக்டர் சண்முகசுந்தரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இடது மூலையில் நான்கு பொறியியல் கல்லூரிகளின் அதிபரான கல்வித் தந்தை அய்யாசாமி கைகூப்பி நின்றார். நடுவில் ஒரு சிவப்பு இதயம். இதயத்துக்குள் ஒரு புறா. இத்தனைக்கும் காரணமான எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்கு அதில் இடம் போதவில்லை.

விஷயம் இதுதான். டாக்டர் சண்முகசுந்தரத்தின் இதய மையத்தில் பன்னிரண்டு வருடமாக அந்த இயந்திரம் இருக்கிறது. மாரடைப்பு வந்து போன இதயத்தில் செத்துப்போன தசை எங்கெங்கே வடுவாகக் கிடக்கிறது என்று அதில் படம் எடுத்துப் பார்க்கலாம். கையில் ஒரு மருந்தை ஏற்றிப் பத்து நிமிஷம் கழித்து எடுத்தால், நல்ல தசை கறுப்பாகவும் வடு வெள்ளையாகவும் விழும். சங்கடம் என்னவென்றால், மூச்சு விட விட இதயமும் கூடவே ஏறி இறங்கும். படம் கலங்கிப் போகும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் பதினைந்து விநாடி மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டும். இதயம் நன்றாக இருப்பவனுக்கு அது பெரிய காரியமில்லை. இதயம் நன்றாக இருப்பவன் எதற்காக அங்கே வந்து படுக்கப் போகிறான்?

இப்போது அதற்கு ஒரு புது மென்பொருள் வந்துவிட்டது. நோயாளி தன் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருக்கலாம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே தடுப்பாக இருக்கிற உதரவிதானத்தின் மேல் இயந்திரம் ஒரு கண் வைத்திருக்கும். மூச்சு வெளியே போய், அது மேலே வந்து ஒரு நொடி நிற்கிற இடைவெளியில் மட்டும் படம் பிடித்துக்கொள்ளும். முன்பு முக்கால் மணி நேரம் இழுத்த வேலை இப்போது ஐந்தே நிமிஷம்.

நல்ல சங்கதி. அதில் ஆக்னஸுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

ஆக்னஸ்தான் அந்த இயந்திரத்தைப் பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிறவள். கொரட்டூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, மைக்கைப் பிடித்து, "மூச்சை இழுங்க… விடுங்க… அப்படியே நிறுத்துங்க" என்று ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்கிறவள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் சாமியார் "சிறிது நேரம் மௌனமாக ஜெபிப்போம்" என்றால், அவளையறியாமல் பதினைந்து வரை எண்ணிவிட்டு, "இப்ப விடலாம்" என்று முணுமுணுப்பாள். இந்தப் புது மென்பொருளுக்காக அவள் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியவள். ஆனால் டாக்டர் சண்முகசுந்தரம் இருமினால்கூடப் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வைத்து இருமுகிற ரகம். மென்பொருளைச் சும்மா போட்டு ஓட்டுவாரா?

"ஆக்னஸ், ஒரு ஐடியா. உங்க மைக்குக்கு ரிட்டயர்மென்ட் குடுக்கறோம்."

"புரியல சார்."

"இத்தனை வருஷமா 'மூச்சை அடக்கு, மூச்சை அடக்கு'ன்னு நோயாளிங்களை அதட்டின மைக் அது. அடிமைச் சின்னம். ரிப்பன் கட்டறோம். அய்யாசாமி சார் ரிப்பனை வெட்டி, மைக்கைக் கழட்டி, கண்ணாடிப் பெட்டியில வைக்கறார். ரிசப்ஷன்ல நிரந்தரமா இருக்கும். எப்படி?"

"சார், மைக் வேணும் சார். உள்ள படுத்திருக்கறவங்ககிட்ட ஏதாவது சொல்லணும்னா?"

"என்னத்தைச் சொல்லணும்? அதுக்குத்தானே டெக்னாலஜி!"

மறுநாள் கண்ணாடிப் பெட்டிக்கு அளவெடுக்க ஆள் வந்துவிட்டான்.

அடுத்து, முதல் பயனாளி வேண்டும். டாக்டரே ஃபைல்களைப் புரட்டித் துலுக்கானத்தைக் கண்டெடுத்தார். "ரெண்டு தடவை மூச்சடக்க முடியாமத் தோத்தவர், மூணாவது தடவை மூச்சு விட்டுக்கிட்டே ஜெயிக்கிறார்! பேப்பர்காரனுக்கு இதை விட என்ன வேணும்?"

துலுக்கானத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. நூம்பல்காரர். அப்பா காலத்தில் வயல் வேலை. இவர் காலத்தில் வயல் எல்லாம் வில்லா ஆகிவிட, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் தகடு வெட்டுகிற பவர் பிரஸ் ஓட்டினார். போன வருடம் மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்கப்புறம் இரண்டு தடவை காரணமில்லாமல் மயங்கி விழுந்தார். இதயத்தில் வடு பெரிதாக இருந்தால் துடிப்பு தாறுமாறாகி எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும். அப்படி நின்றால் அதிர்ச்சி கொடுத்துத் திரும்ப ஓட வைக்க, தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியைத் தோளுக்குக் கீழே வைக்க வேண்டும். அரசுக் காப்பீட்டில் அதை வைத்துவிடுவார்கள். ஆனால் வடு எவ்வளவு என்று அளந்த ரிப்போர்ட் கேட்பார்கள். வடு இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம், அவர் மறுபடி பிரஸ்ஸுக்கே போகலாம்.

இரண்டு தடவை அளந்தார்கள். இரண்டு தடவையும் 'படம் தெளிவில்லை' என்றே ரிப்போர்ட் வந்தது. ஆறு விநாடிக்கு மேல் அவரால் மூச்சைப் பிடிக்க முடியவில்லை. இரண்டாவது தடவை ஆக்னஸே பொறுமை இழந்து மைக்கில் கத்தியிருக்கிறாள்: "பதினஞ்சு செகண்ட் கூடவா அடக்க முடியாது உங்களால? உங்களுக்குப் பின்னாடி ஆறு பேரு காத்துக்கிட்டிருக்காங்க!"

இதற்கிடையில் கம்பெனியில் அவரை பிரஸ்ஸிலிருந்து எடுத்து, வாட்ச்மேனாக கேட்டில் உட்கார வைத்துவிட்டார்கள்.

விழா அன்று காலை, கையில் ஊசிக் குழாயைச் சொருகும்போது ஆக்னஸ் அவரிடம் சொன்னாள்:

"அண்ணே, இந்தத் தடவை மூச்செல்லாம் அடக்க வேணாம். ஊட்ல படுத்திருக்கற மாதிரி எப்பவும் போல விடுங்க. தூங்கினாலும் சரி."

துலுக்கானம் சிரித்தார். "அத்த வுடு மேடம். இந்தத் தபா ஒன் பேரக் காப்பாத்திட்றேன், பாரு."

"நிஜமாத்தாண்ணே சொல்றேன். அடக்கவே வேணாம்."

"ஊசி குத்தறப்பகூட வலிக்காதுன்னுதான் சொல்றீங்கோ." கண்ணைச் சிமிட்டினார். "தெர்யும் மேடம். நீ ஷோக்கா ஒக்காந்து பாரு."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி நாகவல்லி தலையிலடித்துக்கொண்டாள். அவள் எஸ்டேட்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். "இந்தாளு ஒரு மாசமா பேஜாரு பண்ணிகினு கீறாரு சிஸ்டரு. பஸ்ல போறப்ப சிக்னல்ல செவப்பு வியுந்தா மூஞ்ச உப்பி வெச்சிக்கிறாரு. பக்கத்துல கீறவன்லாம் எயிந்து ஓட்றான்."

ஆக்னஸ் அதைக் காதில் வாங்கினாள். என்ன ஏது என்று கேட்பதற்குள் வாசலில் செண்டை மேளம் வெடித்தது. கல்வித் தந்தை வந்து இறங்கிவிட்டார். டாக்டர் "ஆக்னஸ்! ஆக்னஸ்!" என்று கூப்பிட்டார். அவள் ஓடினாள். அந்த ஓட்டத்தை நினைத்து அவள் பிற்பாடு பல நாள் நொந்துகொண்டாள்.

அய்யாசாமியின் எட்டு விரல்களில் பத்து மோதிரங்கள். கழுத்தில் இரண்டு சங்கிலி, மணிக்கட்டில் ஒரு காப்பு. காந்தம் இருக்கிற அறைக்குள் அவரை விட முடியாது என்பதால் கண்ணாடிக்கு வெளியிலேயே நிற்க வைத்தார்கள். மைக்கைச் சுற்றி ரோஜா நிற ரிப்பன். அவர் வெட்டினார். மைக்கைப் பிடுங்கினார். யாரோ அதற்குச் சந்தனப் பொட்டு வைத்துப் பெட்டிக்குள் இறக்கினார்கள். கையெடுத்துக் கும்பிட்டவர்களும் உண்டு.

கீழே ஹாலில் நூறு நாற்காலி, பெரிய திரை. ஆக்னஸின் கணினியில் தெரிவதெல்லாம் அங்கேயும் தெரியும்படி ஏற்பாடு. டாக்டர் முழங்கிக்கொண்டிருந்தது மாடி ஸ்பீக்கரில் கேட்டது:

"மூச்சு என்பது மனிதனின் பிறப்புரிமை! அதை ஒரு விநாடிகூடப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை!"

அய்யாசாமியும் ஒரு வார்த்தை பேசினார். "எங்க காலேஜ்ல பசங்களை மூச்சு விட விடறதில்லைன்னு ஒரு குற்றச்சாட்டு இருக்கு. அடுத்த வருஷத்துலேர்ந்து அதையும் பரிசீலிப்போம்." கைத்தட்டல்.

மருந்து ஏறிப் பத்து நிமிஷம் ஆனதும் ஆக்னஸ் பொத்தானை அழுத்தினாள். உள்ளே இயந்திரம் தடதடவென்று ஆரம்பித்தது. பக்கத்தில், மென்பொருளை விற்ற கம்பெனியின் ஆள் கிஷோர் டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தான். ஐந்து ஊரில் இந்த விழாவைப் பார்த்தவன். திரையின் மூலையில் ஓடுகிற சதவீதக் கணக்கு ஒன்று ஆயிற்று. இரண்டு ஆயிற்று. மூன்று ஆயிற்று.

மூன்றிலேயே நின்றது.

துலுக்கானத்தின் மூச்சைக் காட்டுகிற கோடு அலை அலையாகப் போக வேண்டும். அது கீழே இறங்கி, தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. ஆக்னஸ் சட்டென்று இதயத் துடிப்பைப் பார்த்தாள். இருந்தது. அப்புறம்தான் புரிந்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து மனிதர் அடக்கிக்கொண்டிருக்கிறார். பழக்கதோஷத்தில் அவள் எண்ண ஆரம்பித்தாள். இருபது. இருபத்தைந்து. முப்பத்தொன்று.

ஆறு விநாடி தாங்காத மனிதர் முப்பத்தொன்று பிடித்தார். பிறகு நாலைந்து வாய் காற்றை அள்ளி விழுங்கிவிட்டு, மறுபடியும் பிடித்தார்.

இவர் மூச்சை விடட்டும் என்று இயந்திரம் காத்துக்கொண்டிருந்தது. இயந்திரம் சத்தம் ஓய்ந்து நல்ல வார்த்தை சொல்லட்டும் என்று இவர் காத்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் அவ்வளவு மரியாதை.

ஆக்னஸ் மைக்குக்குக் கையை நீட்டினாள். மேஜையில் ஒரு துளையும் அறுந்த ரிப்பனும்தான் இருந்தன. எழுந்து கதவுக்கு ஓடினாள். கதவை மறித்துக்கொண்டு மையத்தின் மேனேஜர் நின்றார்.

"உள்ள போயி அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும் சார். மூச்சு விடாமக் கிடக்கறாரு."

"விளையாடறீங்களா? லைவ் ஓடிட்டிருக்கு. இப்ப ஸ்கேனை நிறுத்தினா கீழ திரை கறுப்பாயிடும். டாக்டர் என்னைத் தொலைச்சுடுவார்."

"ஒரே நிமிஷம் சார்."

"போய் உக்காருங்க ஆக்னஸ்!"

ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது. ஸ்பீக்கரில் டாக்டர், "இதோ… இன்னும் சில நொடிகளில்…" என்று நீட்டிக்கொண்டிருந்தார். மூன்று சதவீதம். கிஷோருக்கு வியர்த்தது. அவன் டையைத் தளர்த்திவிட்டு, இன்னொரு கோப்பைத் தட்டித் திறந்தான். திரையில் ஒரு இதயம் வந்தது. அழுத்தமான கறுப்பு, துல்லியமான விளிம்பு, வட்டத்தில் ஒரு மாசு இல்லை. அவன் கம்பெனி எல்லா ஊருக்கும் கொடுத்து அனுப்புகிற மாதிரிப் படம். எந்த நாட்டிலோ தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிற எவனோ ஒரு ஆரோக்கியசாலியின் இதயம்.

கீழே ஹாலில் "ஆஹா" என்று ஒரு சத்தம் எழுந்தது.

"பாருங்கள்!" என்று டாக்டரின் குரல் கர்ஜித்தது. "ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறதா? இல்லை! ஒரு வருடமாக இந்த ஏழைத் தொழிலாளி பயந்து பயந்து வாழ்ந்தார். பழைய முறை அவருக்கு பதில் சொல்லவில்லை. ஐந்தே நிமிடத்தில் நம் மையம் சொல்கிறது: துலுக்கானம் அவர்களின் இதயத்தில் வடுவே இல்லை!"

நூறு நாற்காலியும் எழுந்து நின்று கைதட்டியது.

ஆக்னஸ் கிஷோரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, சத்தியமா… படம் எவ்ளோ கிளியரா வரும்னு காட்டத்தான் போட்டேன்," என்றான் அவன், வெளிறிப் போய். "அவர் அதைப் பார்த்து ரிசல்ட் சொல்லிடுவார்னு நான் நினைக்கவே இல்ல."

ஆக்னஸ் ஸ்கேனை நிறுத்தி வெளியே இழுத்தபோது துலுக்கானம் குளித்தது போல நனைந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. முதல் கேள்வி: "எத்தினி புட்ச்சேன் மேடம்? நாப்பது தாண்டிச்சா?"

அவள் பதில் சொல்வதற்குள் டாக்டரும் பரிவாரமும் மேலே வந்துவிட்டார்கள். டாக்டர் துலுக்கானத்தைக் கட்டிப்பிடித்தார். பொன்னாடை போர்த்தினார். போட்டோக்காரர்கள் மின்னினார்கள். "ஒங்க இதயம் குழந்தையோட இதயம் மாதிரி இருக்குய்யா!"

துலுக்கானம் அழுதுவிட்டார். ஒரு வருடமாக கேட்டில் உட்கார்ந்து பழைய கூட்டாளிகளின் வண்டி எண்களை நோட்டில் எழுதிக்கொண்டிருந்த மனிதர், வேறென்ன செய்வார்?

நாகவல்லி மட்டும் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "சாரு, அப்ப அந்த டப்பா வெக்க வாணாமா?"

"எந்த டப்பாவும் வேணாம்மா."

"ரெண்டு படி ஏறுனா மூச்சு வாங்குதே சாரு? மயக்கம் போட்டு வியுந்தாரே?"

"அது பயம்மா. இன்னையோட போச்சு."

எல்லோரும் பிரியாணிக்கு இறங்கிப் போனார்கள். ஆக்னஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏற்றிய மருந்து இன்னும் பத்து நிமிஷமாவது இதயத்தில் தாங்கும். மேனேஜரும் பிரியாணிக்குப் போயிருந்தார். அவள் துலுக்கானத்தின் பொன்னாடையை உருவினாள்.

"அண்ணே, இன்னொரு அஞ்சு நிமிஷம் படுங்க. நாகவல்லி, நீ கூட வா. வளையல், ஊக்கு, கொலுசு, மெட்டி எல்லாம் கழட்டி இதுல போடு."

"நானா? உள்ளாரயா?"

"மைக் இல்ல. நீதான் மைக். சத்தத்துல பேசினா அவருக்குக் கேக்காது. முதல்லயே சொல்லிடு. அப்புறம் அவர் காலைப் புடிச்சுக்கோ. அடக்கறார்னு தெரிஞ்சா தட்டு."

நாகவல்லி வெறும் கையும் வெறும் காலுமாக உள்ளே போய், புருஷனின் முகத்துக்கு நேரே குனிந்தாள். திறந்திருந்த கதவு வழியாக ஆக்னஸுக்குக் கேட்டது.

"யோவ், காதுல வாங்கிக்க. மூச்ச வுடு. ராத்திரி கொறட்ட வுட்டு தெருவையே எயுப்புறியே, அந்த மாரி வுடு. அடக்குனேன்னு வெய்யி, கால ஒட்ச்சிடுவேன்."

"அடக்காம இர்ந்தா படம் கலங்கிடும்டி…"

"கலங்குனா என் தல கலங்கட்டும். வுடுய்யா!"

கதவை மூடினாள். கோடு அலையாக எழுந்தது. பத்து சதவீதம், முப்பது, அறுபது. நாகவல்லி ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறு கையால் அவர் கெண்டைக்காலை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் பதினொரு விநாடியில் நூறு. மென்பொருள் சொன்னதைச் செய்தது. அதன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆக்னஸ் படத்தைத் திறந்தாள். இதயத்தின் முன்சுவர் நெடுக வெள்ளை, சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து கிடப்பது போல. மென்பொருள் தானே அளந்து ஓரத்தில் எழுதியது: இருபத்தேழு சதவீதம்.

பார்த்ததை நோயாளியிடம் டெக்னீஷியன் சொல்லக்கூடாது. அது சட்டம். பன்னிரண்டு வருடத்தில் அவள் அதை மீறியதில்லை. நாகவல்லி மெட்டியைப் போட்டுக்கொண்டே முகத்தைப் பார்த்தாள். "இன்னா சிஸ்டரு?"

"டாக்டர் சொல்லுவாரு," என்றாள் ஆக்னஸ்.

சாயங்காலம் மாலைகளைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டு டாக்டர் உட்கார்ந்திருந்தபோது, அவள் படத்தை முன்னால் வைத்தாள். அவர் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. நல்ல டாக்டராக இருந்தவர்தான். ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எத்தனை மணிக்கு எடுத்தது?"

"விழா முடிஞ்ச உடனே சார்."

"அப்ப மருந்து ஏத்தி அரை மணி ஆயிருக்கும். முறைப்படி இது செல்லாது."

"செல்லும் சார். உங்களுக்கே தெரியும்."

"ஆக்னஸ், படம் எடுக்கறது உங்க வேலை. படிக்கறது என் வேலை."

"நீங்க படிச்சது அவர் படம் இல்ல சார்."

டாக்டர் படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"உங்க சர்வீஸ் எவ்வளவு?"

"பன்னெண்டு வருஷம் சார்."

"அப்ப நான் ஒண்ணும் சொல்ல வேணாமே," என்றார் டாக்டர். பேனாவைத் திறந்தார். ரிப்போர்ட்டில் எழுதினார்: 'குறிப்பிடும்படியான வடு உறுதியாகவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனை.' ஆறு மாதத்தில் ஊர் மறந்துவிடும், அப்போது கண்டுபிடித்துக்கொள்ளலாம். கையெழுத்துக்கு அடியில் மாலையிலிருந்து ஒரு சாமந்தி இதழ் உதிர்ந்து விழுந்தது. ஊதித் தள்ளினார்.

ஆக்னஸ் வீட்டில் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், படத்தை ஒரு சி.டி.யில் ஏற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு நூம்பலுக்குப் போனாள்.

துலுக்கானம் லுங்கியும் புது பனியனுமாக வரவேற்றார். சுவரில் டிவிக்கு மேலே செய்தித்தாள் துண்டு, லேமினேட் செய்து மாட்டியிருந்தது: 'மூச்சு விட்டபடியே மறுவாழ்வு.' படத்தில் டாக்டர் முழுசாகவும் துலுக்கானம் பாதியாகவும் இருந்தார்கள்.

"இத்தத்தான் மேடம் கம்பெனி மேனேஜராண்ட எட்த்துகினு போயி காட்டுனேன். 'ஃபிட்னஸ் சர்டிபிகேட்டே வாணாம்யா, பேப்பர்லயே வந்துகீதே'ன்னுட்டான். திங்கக்கெயமலேர்ந்து பிரஸ்ஸு!"

ஆக்னஸ் உட்காராமலே சொன்னாள். திரையில் வந்தது வேறு யாருடைய படமோ என்றாள். வடு இருக்கிறது, பெரிதாக இருக்கிறது, பிரஸ் பக்கம் போகக்கூடாது என்றாள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் இந்த சி.டி.யைக் காட்டினால் கருவி வைப்பார்கள் என்றாள். சொல்லி முடித்தபோது அவளுக்கே மூச்சு வாங்கியது.

துலுக்கானம் கோபப்படவில்லை. இரக்கப்பட்டார்.

"இன்னா மேடம் நீ? அம்மாம் பெரிய டாக்டரு, அத்தினி பேரு முன்னாடி மைக்குல சொன்னாரு. நீ இன்னாடான்னா சந்துல வந்து வேற சொல்ற."

"நான்தான்ணே படம் எடுத்தேன்."

"ரெண்டு தபா நீதான் எட்த்த. ரெண்டு தபாவும் சரியா வியிலன்னே. மூணாவது தபா மட்டும் கரீட்டா வியுந்துட்ச்சா? நீ பட்டன் தட்றவ மேடம். தப்பா நென்ச்சிக்காத."

கணக்கில் அவர் பக்கம் நியாயம் இருந்தது.

நாகவல்லி மட்டும் தெருமுனை வரை கூடவே வந்து சி.டி.யை வாங்கிக்கொண்டாள். "லீவு கெட்ச்சதும் நான் இட்டுகினு போறேன் சிஸ்டரு. அவரு வரலன்னாலும் இத்தக் காட்டிக் கேக்றேன்." சி.டி.யை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அதில் அவள் முகம்தான் தெரிந்தது.

ஆக்னஸ் வண்டியைக் கிளப்பினாள். தான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வதற்கு நூம்பலிலிருந்து கொரட்டூர் வரை போதுமான தூரம் இருந்தது.

ஐந்தாவது மாதம், மையம் ஆயிரமாவது ஸ்கேனைத் தொட்டது. மறுபடி பேனர், மறுபடி புறா, மறுபடி அய்யாசாமி. மைக் மட்டும் ரிசப்ஷனில் இருந்தது. ஆக்னஸ் தன் சொந்தச் செலவில் வேறொன்று வாங்கி மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"முதல் பயனாளியையும் ஆயிரமாவது பயனாளியையும் மேடையில ஒண்ணா நிறுத்தறோம்," என்றார் டாக்டர். "துலுக்கானத்துக்கு நீங்களே போன் பண்ணிடுங்க ஆக்னஸ். உங்க மேல அவருக்கு மரியாதை."

நாகவல்லிதான் எடுத்தாள்.

"அவரு இல்ல சிஸ்டரு."

"வேலைக்குப் போயிட்டாரா?"

"வேலைக்குத்தான் போனாரு." பின்னால் போன பஸ் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினாள். "பதினாறு நாள் காரியம்கூட முட்ஞ்சிட்ச்சி. மிசினாண்ட நின்னுகினு இருந்தவரு அப்டியே சாஞ்சிட்டாராம். மிசின் பாட்டுக்கு ஓடிக்கினே கீது. அத்த நிறுத்திட்டுத்தான் இவரப் பாத்துகிறானுங்கோ."

"அந்த சி.டி…?"

"டிவி மேலயே கீது. எங்க ஆபீஸ்ல ஒரு பையனாண்ட குட்த்து இன்னா போட்டுகீதுன்னு பாருப்பான்னேன். இப்ப வர்ற கம்பீட்டர்ல இத்த நொயைக்க ஓட்டயே கெடையாது ஆண்ட்டின்னுட்டான். ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தபா லீவு கேட்டேன். குடுக்கல." மூக்கை உறிஞ்சினாள். "உன் மேல ஒண்ணும் இல்ல சிஸ்டரு. நீ வந்து சொன்ன. அவருதான் கேக்கல. கடேசி வரைக்கும் பஸ்ல மூஞ்ச உப்பி வெச்சிகினு வந்தாரு. ஆறு மாசம் கயிச்சி திர்ப்பி ஸ்கேன் கீதே, மேடமாண்ட அம்பது காட்டணும்னு."

ஆக்னஸ் போனை வைத்துவிட்டு டாக்டர் அறைக்குப் போனாள். அவர் விழாப் பேச்சை எழுதிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எப்போ?"

"மூணு வாரம் ஆச்சு சார்."

"வேற ஏதாவது காரணம் இருந்திருக்கும்," என்றார். பிறகு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "பொன்னாடை ரெண்டு வாங்கியாச்சே," என்றார்.

விழா சிறப்பாக நடந்தது. துலுக்கானத்துக்கு வாங்கிய பொன்னாடையை இரண்டாவது பயனாளிக்குப் போர்த்தினார்கள்.